கால்டுவெல் கேட்காத கேள்வி

ஒரு வழிபாடு பயத்தில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் அதைச் சமயம் என்று மதிக்க வேண்டியதில்லையா? கொங்கு நாட்டுச் சேவூரில் வாலீசுவரரைக் கும்பிட்டு வருகிற அதே குடும்பம்தான் கருப்பராயனுக்கும் கெடா நேர்ந்துவிடுகிறது. முன்னதைப் பக்தி என்றும் பின்னதைப் பயம் என்றும் பிரித்துப் பேசுவது படித்தவர்களுக்குப் பழகிப்போயிற்று. இந்தப் பிரிவினைக்கு நூல் வடிவில் வலுவான வாதம் எழுதித் தந்தவர்களில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7 அன்று ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில், ஸ்காட்லாந்து வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். கிளாஸ்கோவில் வளர்ந்து படித்தார். 1838இல் கிறிஸ்தவ மிஷனரியாகச் சென்னைக்கு வந்து, 1841இல் அங்கிருந்து கால்நடையாகவே தெற்கே புறப்பட்டு, தேரிக்காட்டு இடையன்குடியில் தங்கி, ஐம்பது ஆண்டு அந்த மண்ணிலேயே உழைத்தார். 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குத் தமிழர்கள் பட்டிருக்கும் கடனை யாரும் மறுக்க முடியாது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தது தகுதியான மரியாதை. அந்தக் கடனை முழு மனதோடு ஒப்புக்கொண்டுதான், அவருடைய இன்னொரு தீர்ப்பை மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒப்பிலக்கணத்துக்கு ஏழு ஆண்டு முன்பு, 1849இல், 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறு நூலை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்தைப் பற்றியது அது. அந்தச் சமூகத்தை அறிவிலும் பண்பிலும் தாழ்த்திச் சொன்ன பகுதிகள் கிறிஸ்தவ நாடார்களையே கொதிக்க வைத்தன. அவர்களில் ஒருவரான அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனை விட்டு விலகித் தனித் திருச்சபை கண்டதற்குப் பின்னால் இந்தக் காயமும் இருந்தது. அந்த வழக்கில் காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நூலின் சமயப் பகுதி பற்றிய தீர்ப்புதான் இன்னும் பாக்கி. பனங்காட்டு மக்களின் மெய்யான சமயம் பேய் வழிபாடு என்றார் கால்டுவெல். மண் பீடம், வில்லும் மேளமும், வெறி ஏறிய சாமியாடி, ஆட்டு இரத்தம் என்று ஒன்றுவிடாமல் விவரித்தார். இது பிராமணர் கொண்டுவந்தது அன்று, அவர்களுக்கும் முந்தியது என்றும் வாதிட்டார். வரலாறு என்ற அளவில் இது கூர்மையான பார்வைதான். தமிழுக்குச் சமஸ்கிருதத்தில் சேராத தனி வேர் உண்டு என்று கண்ட அதே கண்தான் இந்தத் தெய்வங்களுக்கும் தனி வேர் உண்டு என்று கண்டது. ஆனால் மொழியின் தனி வேரைப் பெருமையாகக் கண்டவர், வழிபாட்டின் தனி வேரை இருட்டாகவே கண்டார். அங்கே அன்பில்லை, அறத்தின் கட்டளை இல்லை, தீங்கு வராமல் தப்பிக்கும் பயம் மட்டுமே உண்டு என்பது அவர் முடிவு.

இந்த முடிவை மறுக்கத் தேவையான சான்றுகள் அவர் நூலிலேயே இருக்கின்றன. இந்தத் தெய்வங்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்தவை, அதிலும் அகாலத்தில், வன்முறையில் செத்தவர்கள் என்று அவரே எழுதுகிறார். அதற்கு அவர் தரும் உதாரணங்களில் மறக்க முடியாதது, 'போல்' என்ற ஆங்கிலேய அதிகாரியின் கதை. 1809இல் திருவிதாங்கூர்க் கோட்டை அரண்களைக் கும்பினிப் படை பிடித்தபோது அந்த மனிதர் படுகாயமுற்று இறந்தார். அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடி, சாராயமும் சுருட்டும் படைத்து அந்தப் பக்கத்து மக்கள் கும்பிட்டார்கள். மூட பக்தி எந்த அளவுக்குப் போகும் என்பதற்குக் கால்டுவெல் இதை எடுத்துக்காட்டுகிறார். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. கடல் கடந்து வந்து செத்த ஒருவனுக்கு அங்கே தண்ணீர் ஊற்ற மகன் இல்லை, அழப் பெண்டாட்டி இல்லை. யாரென்றே தெரியாத அந்த ஊர்க்காரர்கள் அவனுக்கு எது பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். உயிரோடிருந்தபோது அவன் குடித்த சாராயத்தையும் பிடித்த சுருட்டையும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தாய்தகப்பன் திதிக்கு அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் எந்த வீட்டுக்கும் இந்தச் செயல் புரியும்.

யாருக்குப் பயந்தார்கள் என்று கால்டுவெல் கேட்டார். ஏன் குறிப்பாக இவர்களுக்குப் பயந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. சாதாரணப் பயம் பலசாலியைக் கண்டு வருவது. ஜமீன்தாருக்கும் பாளையக்காரருக்கும் தாசில்தாருக்கும் மக்கள் நடுங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் செத்தபின் ஊர்த் தெய்வமானார்கள்? தெய்வமானவர்களின் பட்டியலைப் பாருங்கள். பஞ்சத்தில் பிள்ளைகளுக்குச் சோறில்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தவள் நல்லதங்காள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் மதுரைவீரன், கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். உயிரோடு இருந்தபோது நல்லதங்காளைக் கண்டு எவரும் பயந்ததில்லை, ஒரு படி அரிசிக்குக்கூட வழியில்லாதவளைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? செத்தபின் அவளைக் கண்டு ஊர் நடுங்குகிறது என்றால், அந்த நடுக்கத்துக்குக் காரணம் அவளுடைய பலமாக இருக்க முடியாது. அவளுக்கு நாம் செய்ததும் செய்யத் தவறியதும்தான் காரணம். வலியவனுக்கு அஞ்சுவது பிழைக்கும் வழி. எளியவளுக்கு அஞ்சுவது மனசாட்சி. அதை அறத்தோடு தொடர்பில்லாத பயம் என்று ஒதுக்க முடியாது. அறம் வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு எது?

இதற்கு ஒருவர் கடுமையாகவே பதில் சொல்லலாம். கொன்றவர்களின் வாரிசுகளே கொல்லப்பட்டவனைக் கும்பிட்டுக் குற்றத்திலிருந்து மலிவாகத் தப்பிக்கிறார்களே, பீடம் கட்டிக் கெடா வெட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. சாதி மாறிக் காதலித்தவனைக் கொன்ற ஊர் அவனைச் சாமியாக்கிய பிறகும் சாதியை விடவில்லை. ஆனால் கணக்கைத் தீர்க்க நினைக்கிறவன் கதையை அழிக்கத்தான் பார்ப்பான். இங்கே நடப்பது வேறு. கோயில் கொடை நாளில் வில்லுப்பாட்டுக்காரர் யார் கொன்றார், எதற்காகக் கொன்றார், கடைசியில் அவன் என்ன சொல்லிவிட்டுச் செத்தான் என்று விடியவிடியப் பாடுகிறார். கொன்றவனின் வாரிசும் உட்கார்ந்து அதைக் கேட்கிறான். ஆண்டுதோறும் ஊர் நடுவே குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. நீதிமன்றம் கைவிட்ட வழக்கைக் கோயில் முடித்துவைக்க மறுக்கிறது. இது முழு நீதி அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறதியைவிட நீதிக்கு நெருக்கமானது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கால்டுவெல்லுக்குக் கிடைக்காத சான்றுகளும் சில உண்டு. 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் அவர் காலமானார். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடுத்த ஆண்டும் புறநானூற்றை 1894இலும் அச்சில் கொண்டுவந்தார். போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வணங்கியதைப் புறநானூறு காட்டுகிறது. நடுகல்லைத் தவிர நாங்கள் வணங்கும் கடவுள் வேறில்லை என்று ஒரு புலவர் பெருமிதத்தோடு சொல்வதையும் அதில் காணலாம். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்குரிய படிகளைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. பனங்காட்டில் அவர் பார்த்த சாராயப் படையல், சான்றோர் பாடிய பழைய மரபின் தொடர்ச்சி. சிலப்பதிகாரமோ அநீதியாகக் கணவனை இழந்த ஒரு பெண் தெய்வமான கதை.

அந்தக் காப்பியத்தில் என் வாதத்துக்கு எதிரான மிகக் கொடிய சாட்சியும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கண்ணகியின் கோபத்தால் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று அவளுக்குச் சாந்தி செய்தான் என்கிறது உரைபெறு கட்டுரை. கால்டுவெல்லே தோண்டி ஆராய்ந்த கொற்கைதான் அது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். அநீதியின் நினைவு புதிய அநீதிக்குச் சாக்காக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் கண்ணகி மக்கள் மனத்தில் நிலைத்தது அந்தப் பலியால் அல்ல. அரசனைப் பார்த்து அவள் கேட்ட கேள்வியால்தான் நிலைத்தாள். பலியைக் கைவிட்டாலும் கேள்வி நிற்கிறது. கேள்வியை எடுத்துவிட்டால் கண்ணகி இல்லை.

காலத்தின் குழந்தை அவர், வேறெப்படிப் பார்த்திருக்க முடியும் என்று கால்டுவெல்லுக்காகப் பரிந்து பேசுவார்கள். இதற்கும் அயர்லாந்திலிருந்தே பதில் கிடைக்கிறது. கால்டுவெல்லுக்கு ஒரு வயது இளையவர், 1815இல் ராஸ்காமன் மாவட்டத்துக் காஸில்ரே பக்கத்தில் பிறந்த வில்லியம் வைல்டு. டப்ளினில் பெயர்பெற்ற கண், காது மருத்துவர். ஆஸ்கார் வைல்டின் தகப்பனார் என்றால் நம் வாசகர்களுக்கு எளிதில் தெரியும். 1852இல், கால்டுவெல் நூல் வந்த மூன்றாம் ஆண்டில், அயர்லாந்து நாட்டுப்புற மக்களின் நம்பிக்கைகளைத் தொகுத்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் தலைப்பில் மூடநம்பிக்கை என்றுதான் எழுதினார். ஆனால் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊர் ஊராக மக்கள் செத்தும் கப்பலேறியும் போனபின், அந்தக் கதைகளும் சடங்குகளும் அவர்களோடு அழிவதைக் கண்டு அவர் துக்கப்பட்டார். 1851 கணக்கெடுப்பில் பஞ்சத்தில் இறந்தவர்களைக் கணக்கிட்டுத் தொகுத்தவரும் அவரே. செத்தவர்களை எண்ணிய மனிதருக்குச் செத்தவர்களைப் பற்றிய கதைகளின் அருமை தெரிந்திருந்தது. ஆக, அதே நாட்டில், அதே தலைமுறையில், காது கொடுத்துக் கேட்கவும் வழி இருந்தது. வைல்டு தன் சொந்த மக்களிடம் கேட்டார், கால்டுவெல் மனம் மாற்ற வந்த இடத்தில் கேட்டார் என்ற வேறுபாடு உண்மைதான். தப்பு எங்கே நேர்ந்தது என்பதையும் அந்த வேறுபாடே சொல்கிறது. மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு ஒரு மனிதனின் நம்பிக்கையை முழுதாகக் கேட்பது மிகவும் கடினம்.

இன்னோர் ஆட்சேபம் மிஷனரியிடமிருந்து வருவதில்லை, அதனால் அதற்கு எடை அதிகம். கால்டுவெல் இடையன்குடியில் இருந்த அதே காலத்தில் வடலூரில் வாழ்ந்த வள்ளலார் (1823–1874), சிறுதெய்வங்களின் பெயரால் ஆடும் பன்றியும் கோழியும் வெட்டப்படுவதைக் கண்டு உள்ளம் நடுங்கியதாகப் பாடியிருக்கிறார். இந்த நடுக்கத்தின் முன் நான் வாதாட மாட்டேன். ஆனால் இரண்டு எதிர்ப்புகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வள்ளலார் ஆட்டுக்காக அழுதார், கால்டுவெல் கும்பிடுகிறவனின் அறிவைக் குறைத்து மதிப்பிட்டார். பலியிடுவதைத் தடை செய்யும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அரசு திடீரென்று கடுமையாக அமல்படுத்தியபோது, பேசியவர்கள் வள்ளலாரைச் சொன்னாலும் பலர் குரலில் கால்டுவெல்லின் இளக்காரமே ஒலித்தது. எதிர்ப்பு வலுத்து 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. கெடா வெட்டு நாளடைவில் குறையலாம், எலுமிச்சையும் பூசணியும் பொங்கலும் அந்த இடத்துக்கு வரலாம். பல கோயில்களில் வந்தும் விட்டது. வழிபாட்டின் உயிர் இரத்தத்தில் இல்லை என்பதால் அது நடக்கக்கூடியதே.

உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் கொங்கு நாட்டின் படுகளத்தில் பார்க்கலாம். அண்ணமார் சாமிகளான பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடி, அண்ணன்மார் மடியும் கட்டம் வரும்போது, அருள் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் சாய்வார்கள். செத்தவர்கள்போல் கிடப்பவர்களைத் தங்கையின் பெயரால் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். செத்தவர்களுக்குப் பயந்து விலகுகிற செயலா இது? அவர்கள் இடத்தில் தாங்களே விழுந்து எழுகிற செயல். சேவூருக்குப் பக்கத்து அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்று நாம் போற்றுகிறோம். அந்தக் கதையில் ஒரு வீட்டில் பூணூல் கலியாணச் சத்தம், எதிர்வீட்டில் பிள்ளையை இழந்த தாயின் அழுகை. அகாலத்தில் போன பிள்ளையை மறக்க முடியாத அந்த அழுகையிலிருந்துதான் அற்புதமே தொடங்குகிறது. திருமுறை பாடும் கோயிலும் உடுக்கடிக்கும் படுகளமும் ஒரே துக்கத்தைத்தான் பேசுகின்றன. ஒன்றைச் சமயம் என்றும் மற்றதைச் சமயத்துக்குக் கீழானது என்றும் வகுக்க நியாயமில்லை.

பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயிலுக்குப் புறப்படுகிற பனியன் கம்பெனித் தொழிலாளிகளும், கெடா வெட்டுக்குச் சொந்தபந்தத்தைக் கூட்டுகிற சேவூர்ப் பக்கத்துக் குடும்பங்களும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பிரென்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1965இல் கொங்கு நாட்டில் உட்கார்ந்து அண்ணமார் கதையை ஒலிநாடாவில் பதிந்துகொண்டதால் அந்தப் பாட்டின் ஒரு முழு வடிவம் நமக்கு மிஞ்சியிருக்கிறது. விடியவிடிய உடுக்கடித்துப் பாடத் தெரிந்தவர்கள் அருகிக்கொண்டே வருகிறார்கள். அடுத்த முறை குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது, அந்தத் தெய்வம் யாராக இருந்தது, யாரால் செத்தது என்று பூசாரியிடமும் பெரியவர்களிடமும் கேளுங்கள். கேட்டதைக் கைப்பேசியிலாவது பதிந்து வையுங்கள்.