பத்தின்மேல் நின்ற முள்

பக்கவாதத்திலிருந்து தேறிவந்துகொண்டிருந்த என் அத்தானை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். காகிதத்தில் ஒரு கடிகாரம் வரைந்து அதில் பதினொன்று பத்து என்று மணி காட்டும்படி அவர் கேட்டபோது, வட்டத்தையும் பன்னிரண்டு எண்களையும் பழுதில்லாமல் எழுதிய அத்தான், பெரிய முள்ளை இரண்டின்மேல் வைக்காமல் பத்தின்மேல் வைத்துவிட்டார். பத்து என்று காதில் விழுந்ததும் கை அந்த எண்ணிடமே போய்விடுகிறதென்றும், இந்நோயில் இது சகஜந்தான் என்றும் மருத்துவர் பொறுமையோடு விளக்கினார். விளக்கம் புரிந்தது, மனம் மட்டும் சமாதானமடையவில்லை.

சற்று முன்புதான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தான் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "மணி பதினொண்ணே கால் ஆச்சு, உங்கக்கா இன்னும் ஒண்ணும் சாப்பிடலையேப்பா" என்று பரிவோடு சொன்னார். மணி பார்ப்பது வேறு, முள்ளை வரைவது வேறு என்பதை நான் அறிவேன். ஆயினும் உள்ளே பென்சிலைப் பற்றியிருந்த அவருடைய கட்டைவிரல் நகம் அழுத்தத்தில் வெளுத்திருந்ததையும், மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்ததையும், நாற்காலிக்குப் பின்னால் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதையும் நான் பார்த்தேன். முள்ளைப் பத்தின்மேல் வைத்தது சிதைந்த மூளையா, பயமா?

பயத்தின் வேலையை நான் சிறுவயதிலேயே கண்டதுண்டு. எங்கள் ஊர் ஆரம்பப் பாடசாலைக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்தார். திண்ணையில் பாட்டியிடம் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பவன் நான், அவர் என்னை எழுப்பி, "பதினாறு ஏழு?" என்றதும் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அடுத்த வகுப்புக்குப் போய், அவருடைய பூட்ஸ் சத்தம் தேய்ந்தபின், நூற்றுப் பன்னிரண்டு என்பது தானாகவே நாவில் வந்து நின்றது.

இதற்குச் சாஸ்திர ரீதியான காரணம் உண்டென்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அச்சத்திலும் கவலையிலும் சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. இவ்வகை ஹார்மோன் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் விசேஷமாகப் பற்றிக்கொள்கிறது என்பதை 1968-இல் புரூஸ் மெக்யூவன் எலிகளிடம் கண்டார். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஸூரிச் பரிசோதனை ஒன்றில், முதல்நாள் சில சொற்களை மனனம் செய்த ஆரோக்கியமானவர்களுக்கு மறுநாள் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, உடலில் கார்ட்டிசாலாக மாறும் கார்ட்டிசோனை 25 மில்லிகிராம் கொடுத்தபோது, அவர்களால் நினைவுகூர முடிந்த சொற்கள் குறைந்துபோயின. கற்றது அழியவில்லை, பூட்டிய பெட்டகத்துப் பொருள்போல் அந்நேரத்துக்குக் கைக்கெட்டாமற் போயிற்று, அவ்வளவே.

ஆனால் அத்தானின் விஷயம் ஒரு நாழிகைப் பயத்தோடு முடிவதன்று. இயற்கையில் கார்ட்டிசால் விடியற்காலையில் ஓங்கி இரவில் தாழவேண்டும். டெல் அவீவில் லேசான பக்கவாதம் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் எழுதியவர்கள், படுக்கப்போகும் வேளையில் எவருடைய உமிழ்நீரில் அது தாழாமல் நின்றதோ அவர்களுடைய அறிவுத்திறன் இரண்டு ஆண்டுகள் வரையிலும் பிறரைக் காட்டிலும் குன்றியே இருந்ததெனக் கண்டனர். இதில் காரணம் எது, காரியம் எது? மூளை அதிகம் பழுதுபட்டதனாலேயே கார்ட்டிசால் மிகுந்திருக்கலாம். கார்ட்டிசால் மிகுந்ததனால் மூளை தேறாமலும் இருந்திருக்கலாம்.

என்னைத் தூங்கவிடாதது இந்த இரண்டாவது சாத்தியந்தான். அவ்வாறாயின் நோயாளியைச் சூழ்ந்து நிற்கும் நம்முடைய ஆவலும், அவசரமும், வாய்விட்டுச் சொல்லாத கவலையுங்கூட அவர் உடலில் இறங்கி வேலை செய்யுமல்லவா? அக்கா தினந்தோறும் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறாள். அது அன்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்பே ஒரு பரீட்சையாகிவிடுமோ என்பதுதான் சந்தேகம். அதே சமயம், பயிற்சியின்றி மூளை தேறாது. முயற்சியில் சிறிதளவேனும் பதற்றமில்லாத பயிற்சி ஏது? ஓரளவு கார்ட்டிசால் புதியதைக் கற்பதற்குத் துணைபுரிகிறது என்றும் சொல்கிறார்கள். எந்த அளவில் துணை பாரமாக மாறுகிறது என்பதை அத்தானுடைய முகத்தைப் பார்த்து என்னால் கணிக்க முடியவில்லை. சில நாள் கிழமையைச் சரியாகச் சொல்லிவிட்டு அவரே மகிழ்கிறார். சில நாள் தலையைக் குனிந்துகொள்கிறார். அக்காவிடம், கேட்காதே என்று சொல்லவேண்டுமா, கேள் என்று சொல்லவேண்டுமா என்பதை நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.