மாமூல் கொடுத்தவர் குற்றவாளியா?

உங்களை ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் ஒரு கடை வைத்திருக்கிறீர்கள். மாதம் பிறந்தால் ஒருத்தன் வந்து நிற்கிறான். 'பாதுகாப்புக்குக் கொஞ்சம் கொடுத்துடுங்க அண்ணாச்சி' என்கிறான். கொடுக்காவிட்டால், மறுநாள் காலை ஷட்டர் பூட்டில் பசை ஊற்றியிருக்கும். அடுத்தது நெருப்பு. பிள்ளைகுட்டி முகம் ஞாபகம் வர, கொடுத்துவிடுகிறீர்கள். இப்போது நீங்கள் பாதிக்கப்பட்டவரா, குற்றத்துக்குத் துணை போனவரா?

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்து வியாபாரிகள் பல தலைமுறையாக இந்தக் கேள்வியோடுதான் கடை திறந்தார்கள். மாஃபியாவுக்குக் கட்டும் பணத்துக்கு அங்கே 'பிட்ஸோ' என்று பெயர். நம்ம ஊரில் மாமூல். மாமூல் என்றால் வழக்கம் என்று அர்த்தம். அக்கிரமம் வழக்கமாகிவிட்டால் கோபம்கூட வருவதில்லை, பாருங்கள்!

அங்கே லிபெரோ கிராஸி என்று ஒருவர். பைஜாமா, உள்ளாடை தைக்கும் தொழிற்சாலை முதலாளி. 1991 ஜனவரியில், தன்னை மிரட்டியவனுக்கு உள்ளூர் நாளிதழில் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். பணம் தர மாட்டேன், போலீஸுக்குச் சொல்லிவிட்டேன் என்றார்.

ஊரே எழுந்து கை தட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 'இந்த மனுஷனுக்கு எதுக்கு வேண்டாத வேலை?' என்கிற மாதிரி சக தொழிலதிபர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 29 காலை, வீட்டுக்குப் பக்கத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 67.

அடுத்த வருடம், 1992 மே 23. மாஃபியாவை விரட்டிய நீதிபதி ஜியோவானி ஃபால்கோனே வந்த நெடுஞ்சாலையையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். மனைவியும் மூன்று காவலர்களும் அவரோடு இறந்தார்கள். 'பணம் போகும் பாதையில் போனால் கும்பலைப் பிடிக்கலாம்' என்பது அவர் வழி. பணம் எல்லை தாண்டும், போலீஸ் தாண்ட முடியாது. அதற்கு நாடுகள் கைகோக்க வேண்டும்.

கோத்தன. 2000 டிசம்பரில், அதே பலேர்மோவில், எல்லை தாண்டிய கும்பல் குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தம் கையெழுத்தானது. 2003-ல் அமலுக்கு வந்தது. 2011-ல் இந்தியாவும் இணைந்தது. கறுப்பை வெள்ளையாக்குவது குற்றம். 'வங்கி ரகசியம்' என்று சொல்லி அடுத்த நாட்டுக்கு உதவ மறுக்கக் கூடாது. சாட்சிகளைக் காப்பாற்ற வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால், ஒப்பந்தம் அரசாங்கத்தைத்தான் கட்டும். பயந்துபோய்க் கல்லாப்பெட்டியைத் திறக்கிற கையை எது கட்டும்?

2004-ல் பலேர்மோ இளைஞர்கள் சிலர், 'பிட்ஸோ கட்டும் ஜனங்கள் மானம் இழந்த ஜனங்கள்' என்கிற அர்த்தத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஊரெங்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்கப்புறம் செய்ததுதான் விசேஷம். வாடிக்கையாளர்களிடம் போனார்கள். 'பணம் கட்ட மறுக்கும் கடையிலேயே சாமான் வாங்குவேன்' என்று உறுதிமொழி வாங்கினார்கள். அந்தக் கடைகளின் பட்டியல் வளர்ந்து வளர்ந்து ஆயிரத்தைத் தாண்டியது. ஒருத்தரைச் சுடலாம். ஆயிரம் பேரை?

முதல் கேள்விக்கு வருகிறேன். பயந்து கொடுத்தவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் நானும் கொடுத்திருப்பேனோ என்னவோ! ஆனால், 'முடியாது' என்ற கிராஸியைத் தனியாக நிற்க விட்டார்களே, அவர்களை மன்னிக்க முடியவில்லை. பயந்ததற்குக் காரணம் உண்டு. முகம் சுளித்ததற்கு என்ன காரணம்?

உங்கள் தெருவிலும் ஒருநாள் ஒருத்தர் 'முடியாது' என்று சொல்லக்கூடும். அன்றைக்கு அவர் கடைக்குப் போய் ஒரு சோப்பாவது வாங்குங்கள்.