காயசண்டிகை வடிவம்: மணிமேகலையில் வேற்றுருவும் வினைப்பழியும்

மணிமேகலைக் காப்பியத்தின் நடுவே ஒரு கொலை நடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் உலகவறவி என்னும் அம்பலத்தில், நள்ளிரவில், சோழ இளவரசன் உதயகுமரன் வாளால் வெட்டுண்டு சாகிறான். வெட்டியவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன், அதாவது வித்தியாதரன். தன் மனைவி காயசண்டிகையை நாடித்தான் இளவரசன் வருகிறான் என்று நம்பி வாளை ஓங்கினான். ஆனால் அந்த அம்பலத்தில் காயசண்டிகை இல்லை. அவள் உருவத்தில் இருந்தவள் மாதவியின் மகள் மணிமேகலை. ஒரு பெண் இன்னொருத்தியாக நடமாடியதால் நேர்ந்த இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? நல்ல நோக்கத்தோடு பூண்ட வேற்றுரு பொய் ஆகுமா? 18 முதல் 23 வரையுள்ள காதைகள் எழுப்பும் கேள்விகள் இவை.

காப்பியத்தை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் விற்றவர் என்பதாலோ என்னவோ, பசியைப் பற்றி அவர் எழுதும் இடங்களில் தனி வேகம் இருக்கிறது. கதை தொடங்கும் காவிரிப்பூம்பட்டினம் என்னும் பூம்புகார், காவிரி கடலில் கலக்கும் இடத்து ஊர். பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது, இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அங்கே பல்லவனேசுவரத்தில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பௌத்த விகாரையின் எச்சமும், புத்தபாதம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்ததத்தர் தம் அபிதம்மாவதாரம் என்ற பாலி நூலை எழுதியது காவிரிப்பட்டினத்து விகாரை ஒன்றில்தான். எண்ணம் எது, செயல் எது, வினை யாரைச் சேரும் என்பதெல்லாம் இந்தக் கழிமுகத்தில் அன்றாடம் பேசப்பட்ட பொருள்கள். பிற்காலத் தமிழர் இவற்றை ஏறக்குறைய மறந்தே போயினர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையர், அங்கே உடன் பணியாற்றிய ரங்காசாரியாரின் துணையோடு பௌத்தக் கருத்துகளைக் கற்று, 1898இல் காப்பியத்தைப் பதிப்பித்த பிறகே அவை மீண்டும் தமிழில் பேசப்பட்டன.

மணிமேகலைக்கு வேறு உரு எடுக்கும் மந்திரத்தைத் தந்தது மணிமேகலா தெய்வம். வானில் செல்லவும் பசியைப் போக்கவும் வல்ல இரு மந்திரங்களும் உடன் கிடைத்தன. முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதும், கணவன் இராகுலனே இப்போது உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான் என்பதும் மணிபல்லவத் தீவில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனவே இளவரசனைக் கண்டால் அவள் மனம் இளகும். ஆனால் துறவை விடவும் அவளால் இயலாது. அவன் அம்பலத்துக்கே தேடி வந்தபோது, அவள் சம்பாபதி கோயிலுக்குள் புகுந்து காயசண்டிகையாக வெளியே வந்தாள். காயசண்டிகை ஒரு முனிவரின் நாவற்பழத்தை மிதித்துச் சாபம் பெற்று, 12 ஆண்டுகள் யானைத்தீ என்னும் தணியாப் பசியால் வாடியவள். மணிமேகலையின் பிச்சைப் பாத்திரமான அமுதசுரபி தந்த சோற்றை உண்டு பசி தீர்ந்து, அப்போதுதான் ஊரை விட்டுப் பறந்து போயிருந்தாள். ஊரார் கண்ணுக்குப் பழகிய உருவம், உரியவள் அங்கில்லை. மறைந்து வாழ இதைவிடத் தோதான வடிவம் கிடைக்காது.

அந்த வடிவத்தில் மணிமேகலை வெறுமனே ஒளிந்திருக்கவில்லை. சிறைக்கோட்டத்துக்குப் போய்ப் பசித்தோருக்குச் சோறிட்டாள். அரசன் வியந்து கேட்டபோது, சிறையை அறக்கோட்டமாக்கும்படி வேண்டிப் பெற்றாள். இந்த நன்மை முழுவதும் இன்னொருத்தியின் முகத்தோடு செய்யப்பட்டது.

காட்டிக்கொடுத்தது பாத்திரம். பசியால் அலைந்த பெண்ணின் கையில் மணிமேகலையின் பிச்சைப் பாத்திரம் எப்படி வந்தது என்பதிலிருந்தே உதயகுமரனின் ஐயம் தொடங்குகிறது. பிறகு 20ஆம் காதையில், காப்பியத்திலேயே மிக நுட்பமான காட்சி வருகிறது. மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் அவளைக் கண்டு பழைய அன்புப் பேச்சுகளைப் பேசுகிறான். அவள் பதில் சொல்லாமல் விலகி, அங்கு வந்த உதயகுமரனிடம் போகிறாள். வழியே போகும் நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, கூந்தலும் கண்ணும் பல்லும் தோளும் முன்பு எப்படி இருந்தன, இன்று என்னவாயின பார் என்று உடலின் நிலையாமையைச் சொல்கிறாள். இளவரசனுக்கு இது அறவுரை. தள்ளி நின்று பார்த்த காஞ்சனனுக்கோ அந்நிய ஆணோடு மனைவி கொஞ்சும் பேச்சு. ஒரே சொற்கள், கேட்ட இரண்டு பேர் இரண்டு முடிவுக்கு வருகிறார்கள். அன்றிரவு ஒருவன் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வருகிறான், மற்றவன் ஐயமே இல்லாமல் வாளோடு காத்திருக்கிறான்.

வஞ்சி மாநகரில் அளவைவாதி என்னும் சமயவாதி மணிமேகலைக்குச் சொல்லும் அறிவுக் குற்றங்களை (27ஆம் காதை) இந்தக் காட்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டுத்தறியா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமல் தறியை மனிதன் என்றே துணிவது தேராது தெளிதல். சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். உதயகுமரனிடம் இருந்தது முதற்குற்றம். காஞ்சனனிடம் இருந்தவை மற்ற இரண்டும். அவன் கண் தவறவில்லை, கண்டது மனைவியின் உருவமேதான். அதிலிருந்து அவன் கருதியதெல்லாம் தவறு. ஏழு காதைகள் கழித்துத் தருக்கப் பாடமாக வரும் பகுதியை வறண்ட அட்டவணை என்று பலர் கடந்து போகிறார்கள். அந்தக் குற்றங்கள் ஓர் உயிரைக் குடித்ததை ஏற்கெனவே காட்டிவிட்டுத்தான் சாத்தனார் அவற்றுக்குப் பெயர் சொல்கிறார்.

கொலைக்குப் பிறகு தீர்ப்புச் சொல்வது கந்திற்பாவை, அதாவது அம்பலத்துத் தூணில் உறையும் தெய்வம். காஞ்சனனின் உண்மையான மனைவி விந்தமலையின் மேலே பறந்தபோது அம்மலையைக் காக்கும் விந்தாகடிகை என்னும் தெய்வத்தின் வயிற்றில் அடங்கிப்போனாள் என்று அவனிடம் சொல்கிறது. உதயகுமரன் செத்தது அவனது பழவினையால். முற்பிறப்பில் முனிவருக்கு விடியலில் அமுது படைக்க ஏற்பாடு செய்திருந்தபோது, கால் தளர்ந்து பாத்திரங்கள் சிதற விழுந்த சமையற்காரனை அவன் வெட்டிக் கொன்றிருந்தான். ஆனால் பழவினை இருந்தது என்பதால் காஞ்சனன் தப்பிவிட முடியாது. அறியாமல் செய்தாலும் அந்த வினை அவனையும் தொடரும் என்கிறது பாவை. இறந்தவனின் ஊழ் கொன்றவனின் குற்றத்தைக் கரைத்துவிடுவதில்லை. ஊழை நம்புகிற சமூகத்தில் இதைச் சொல்வது சின்ன விஷயமன்று.

மணிமேகலை மீது பாவை பழி எதையும் சுமத்தவில்லை. பௌத்த நெறியில் வினை என்பது எண்ணமே. கொலை அவள் எண்ணத்தில் இல்லை. ஆனால் பொய்யைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. பாலி உரைகள் பொய்க்கு நான்கு உறுப்புகள் சொல்கின்றன: மெய்யல்லாத பொருள், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, எதிரிலிருப்பவர் அதைப் பொருளாகக் கொள்ளுதல். வாயால்தான் என்றில்லை, உடலாலும் பொய் சொல்லலாம். உதயகுமரனைப் பொறுத்தவரை இந்த நான்கில் எதுவும் குறையவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் குறள் அவளுக்குத் துணை வரலாம். சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது அப்படிப்பட்ட நன்மைதான். ஆனால் அம்பலத்தில் விளைந்தது குற்றமற்ற நன்மையன்று. 1797இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் ஒரு கட்டுரையில் இதற்கு நேர் எதிர்க்கோடிக்குப் போனார்: கொலைகாரனிடமிருந்து நண்பனைக் காக்கச் சொன்ன பொய்யிலிருந்தும் எதிர்பாராத கேடு விளைந்தால், அதற்குப் பொய் சொன்னவரே பொறுப்பு என்றார். அந்த அளவுகோலில் உதயகுமரனின் சாவு மணிமேகலையின் கணக்கில் ஏறும். காப்பியம் அவ்வளவு தூரம் போகாதது சரியே. கான்ட்டின் கணக்கில் வாளை ஓங்கியவனின் அவசரத் துணிபு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அதற்காக அவள் முழுவதும் தப்பிவிடுவதாகவும் கொள்ள முடியாது. காஞ்சனனை ஏமாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் காயசண்டிகை தன் கதையை முன்பே அவளிடம் சொல்லியிருந்தாள். மனைவியிடம் பேசுவதுபோல் பேசிய அந்நியன் யார் என்று ஊகிக்க அவளால் முடிந்திருக்கும். உன் மனைவி போய்விட்டாள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு மௌனத்தில்தான் வேற்றுருவின் விலை இருக்கிறது. ஒருவரை விலக்கப் பூண்ட வடிவம், கணக்கில் இல்லாத இன்னொருவரின் வாழ்வில் போய் விழுகிறது. இளவரசன் பிணத்தின் முன்னேதான் அவள் காயசண்டிகை வடிவத்தைக் களைந்து, உனக்கு நிலையாமையைச் சொல்லவே இந்த உருக் கொண்டேன் என்று அழுகிறாள். உயிரோடு இருந்தவரை அவனிடம் சொல்லாத உண்மை அது.

மந்திரம் பிறகும் பயன்படுகிறது. மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலையின் கற்பைப் பழிக்க இளைஞன் ஒருவனைக் கூலி கொடுத்து ஏவியபோது அவள் ஆண் உருவில் இருந்தாள். அவன் அஞ்சி ஓடிப்போனான். அங்கே வஞ்சனை எதிரியிடம் இருந்தது, உருமாற்றம் யாருக்கும் கேடு செய்யவில்லை. தேவியிடம் பிறகு முழு உண்மையையும் சொல்லி, மகனின் உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா என்று கேட்டுத் தெளிவிக்கிறாள். வஞ்சியில் மாதவனாகிய ஆண் துறவியின் வடிவத்தோடு பத்துச் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டாள். இளம் பெண்ணுக்கு அவர்கள் மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்பதால் அங்கே கோயில் கொண்ட கண்ணகித் தெய்வமே சொன்ன வழி இது. பெண் என்றால் செவி மூடும் அவையில் நுழைய வேறு வாயில் இல்லை. இந்த வேடத்தின் குறை அணிந்தவளிடம் இல்லை, அவையிடம்தான் இருக்கிறது.

காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் அவள் சொல்லும் சொல்லில் இந்த இழை முடிகிறது. வேற்றுருவில் கேட்ட சமயங்கள் எல்லாம் அந்த உருவத்தைப் போலவே செம்மையற்றவை, அவற்றில் மனம் வைக்கவில்லை, மெய்ப்பொருளை அருளுங்கள் என்கிறாள். தான் பூண்ட வடிவத்தை அவளே செம்மையற்றது என்று எடைபோடும் இடம் இது. அடிகள் முதலில் கற்பிப்பது அளவை இலக்கணம்: எது காட்சி, எது கருத்து, கருத்து எங்கே போலியாகிறது என்பது. அடுத்த காதையில் பிறவித் துன்பத்தின் காரணத் தொடராகிய பன்னிரு நிதானங்கள் வருகின்றன. அவற்றில் முதலாவது பேதைமை. பாடம் முடிந்ததும் பவத்திறம் (பிறவித் தொடர்) அறுக என்று அவள் நோன்பு ஏற்கிறாள். உருமாறும் மந்திரத்துக்கு அதன்பின் காப்பியத்தில் வேலை இல்லை.