பாசம் என்கிற கயிறு

போன ஆவணி மழையில் என் பேத்தி கிரிவலப் பாதையோரம் ஒரு பச்சோந்திக் குட்டியைப் பிடித்து வந்தாள். சுண்டுவிரல் நீளம்தான். அட்டைப்பெட்டியில் வேப்பங்கொத்து, மூடியில் ஓட்டைகள். "தாத்தா, இது இனிமே நம்மளுது" என்றாள்.

கிண்ணத்துத் தண்ணீரை அது சீந்தவில்லை. பச்சோந்தி இலைமேல் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். கொத்தின்மேல் தெளித்தோம், குடித்தது. இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும் என்பது பெரும்பாலும் நம் கற்பனை. அச்சமும் சூடும் வெளிச்சமுமே அதன் மேனியில் நிறமாக எழுகின்றன. பெட்டிக்குள் அது கறுத்துக்கொண்டே போனது.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. ஆனால் என்னை உறுத்தியது ஒரு சொல். பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசம் என்கிறது சைவ சித்தாந்தம். அங்கே பாசம் என்றால் உயிரைக் கட்டும் கயிறு. அன்புக்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பேத்தியின் கையில் இருந்தது எது? அன்புதான், சந்தேகமில்லை. முடிச்சு "நம்மளுது" என்பதில் விழுந்திருந்தது.

கயிறில்லாத அன்பு என்றதும் ரமணாசிரமத்துப் பசு லட்சுமி நினைவுக்கு வந்தாள். ஊருக்குள் வளர்ந்த காலத்திலும் தினமும் தானாகவே ஆசிரமத்துக்கு நடந்து வந்தவள். 1948இல் அவள் உயிர் பிரியும்போது ரமணர் அருகில் அமர்ந்து அவள் தலையில் கை வைத்திருந்தார். அவளுக்கு அங்கே சமாதி இருக்கிறது.

மறுநாள் விடியலில் பச்சோந்தியைப் பிடித்த இடத்துப் புங்கமரத்தில் விட்டோம். பேத்தி அழுதாள். அது ஒரு கண்ணை மலைப்பக்கமும் மறு கண்ணை அவள்மீதும் வைத்தபடி, கிளையைக் கவ்விக் கவ்வி மேலேறியது. கறுப்பு மெல்லப் பச்சையானது.