நெருப்புக் குதிரை ஆண்டும் நம் செய்கையும்



சீனர் கணக்கின்படி 2026 பிப்ரவரி 17 முதல் 2027 பிப்ரவரி 5 வரையுள்ள காலம் குதிரை ஆண்டு எனப்படும். அதிலும் நெருப்புக் குதிரை ஆண்டு. இவ்வாண்டு நன்மை தருமா, தீமை தருமா என்று வினவுவோர் பலர். அவர்கள் விடையை விலங்கினிடத்தில் தேடுகின்றனர். நாமோ அதற்கு முற்பட்ட வினா ஒன்றை ஆராய்தல் வேண்டும். ஓர் ஆண்டின் குறி, அவ்வாண்டில் பிறந்த மனிதனின் தன்மையைத் தீர்மானிக்க வல்லதோ? இது பொழுதுபோக்கு வினா அன்று. இதற்குத் தவறான விடை கொண்டமையால் துன்புற்ற பெண்கள் பலர். பிறப்பே மறுக்கப்பட்ட உயிர்களும் பல.

முதலில் கணக்கை அறிவோம். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி எனப் பன்னிரண்டு விலங்குகள் ஆண்டுக்கு ஒன்றாக வரும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பகுக்கப்பட்டுப் பத்தாக நின்று அவற்றோடு சேர்ந்து சுழலும். பத்தும் பன்னிரண்டும் இவ்வாறு சுழல, தொடங்கிய இடத்திற்கு மீள 60 ஆண்டுகள் ஆகின்றன. குதிரை என்னும் குறியோ நண்பகலுக்கும் தென்திசைக்கும் உரியது; தானே நெருப்பின் இனமாக எண்ணப்படுவது. அதனோடு நெருப்பும் கூடும் ஆண்டு நெருப்பின்மேல் நெருப்பு என அஞ்சப்பட்டது. 1666, 1726, 1786, 1846, 1906, 1966, 2026 ஆகியவை அத்தகைய ஆண்டுகள்.

இவ்வச்சம் ஜப்பான் நாட்டிலேதான் மிகவும் வேரூன்றியது. இவ்வாண்டில் பிறந்த பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைக் குறைப்பவள் என்று அங்கே கூறினர். எடோ நகரில் காய்கறி வணிகர் ஒருவரின் மகளான ஓஷிச்சி என்னும் இளம்பெண், தீ வைத்த குற்றத்திற்காக 1683-ஆம் ஆண்டில் உயிரோடு எரிக்கப்பட்டாள். காதலனை மீண்டும் காணும் ஆசையால் அவள் அவ்வாறு செய்தாள் என்பது கதை. இஹாரா சைக்காக்கு என்னும் ஆசிரியர் 1686-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவள் வரலாற்றையும் எழுதினார். பின்னர் நாடக மேடைகளும் அதனைப் பரப்பின. அவள் 1666-ஆம் ஆண்டில், நெருப்புக் குதிரையின் குறியில் பிறந்தவள் என்றொரு பேச்சும் கூடவே வளர்ந்தது. ஒரு பேதைப் பெண்ணின் துயரத்திற்குக் காரணம் தேடியவர்கள், அவள் மனத்தையும் பாராமல், அவளை எரித்த சட்டத்தின் கொடுமையையும் பாராமல், பஞ்சாங்கத்தின்மேல் பழியைப் போட்டனர். அப்பழி பிற்காலத்தில் பிறந்த பெண்கள் அனைவர்மேலும் இறங்கிற்று.

1906-ஆம் ஆண்டில் பிறந்த பெண் மக்களின் பிறந்த நாளை முந்தைய ஆண்டிலோ பிந்தைய ஆண்டிலோ பதிவு செய்த பெற்றோர் உண்டு. அவ்வாறு மறைக்கப்படாத பெண்கள் மணப்பருவம் எய்தியபோது, ஆண்டின் பெயரைச் சொல்லியே தள்ளப்பட்டனர். பிறகு 1966 வந்தது. விரைவு இரயில் ஓடிற்று, ஆலைகள் பெருகியிருந்தன, எழுத்தறியாதவர் அரியர். ஆயினும் நிகழ்ந்தது யாது? 1965-ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18,23,697. 1966-இல் பிறந்தவை 13,60,974. 1967-இல் 19,35,647. ஒரே ஆண்டில் நான்கு இலட்சத்து அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட குறைவு! போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை. ஒரு சொல்லின் அச்சமே கால்பங்குப் பிறப்பை நிறுத்திற்று. கருத்தடையினாலும் கருக்கலைப்பினாலும் இது நிகழ்ந்தது.

பிறந்தவர்கள் என்னவாயினர்? அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பிறந்த கிகோ என்னும் பெண், 1990-ஆம் ஆண்டில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் இரண்டாம் புதல்வரை மணந்தார். அவர் கணவர் 2019 முதல் அரியணைக்கு அடுத்த உரிமையாளர். 1965-க்குப் பிறகு 41 ஆண்டுகளாக ஆண் மகவு பிறவாத அக்குடும்பத்தில், 2006-ஆம் ஆண்டில் மகனைப் பெற்றவரும் அவரே. கணவனுக்குக் கேடு செய்யும் குறி அரண்மனை வாயிலை மட்டும் அறியாது போயிற்றா? அரசகுமாரிக்குத் தீங்கு செய்யாத ஆண்டு, காய்கறி விற்பவர் மகளுக்கு மட்டும் தீங்கு செய்யுமோ?

இனிக் கணக்கையே அதன் சொல்லால் சோதிப்போம். ஜப்பான் 1873 முதல் ஆங்கில நாட்காட்டியை மேற்கொண்டமையால், அங்கே விலங்கின் ஆண்டும் ஜனவரி 1-ஆம் நாளே மாறுகிறது. சீனத்திலோ அமாவாசைக் கணக்கின்படி மாறும். ஆதலின் 2026 ஜனவரி 10-ஆம் நாள் பிறக்கும் குழந்தை ஜப்பானில் குதிரை, சீனத்தில் பாம்பு. முயலின் ஆண்டு வியட்நாமில் பூனையின் ஆண்டு. தென் கொரியாவிலே 1990-ஆம் ஆண்டில் வெள்ளைக் குதிரை வந்தது. அவ்வாண்டில் பிறக்கும் பெண் ஆகாதவள் என்ற பேச்சும், ஆண்மகவின் ஆசையும், கருவின் பாலறியும் கருவியும் சேர்ந்தன. 100 பெண் மக்களுக்கு 116.5 ஆண் மக்கள் பிறந்தனர். ஒரு கடலைக் கடந்தால் குதிரையின் நிறம் மாறுகிறது; பெண்ணின்மேல் விழும் பழி மட்டும் மாறவில்லை. இதிலிருந்தே அறியலாம், பேசுவது வானம் அன்று, மனிதரின் வாயே என்று.

இவ்விடத்தில் ஒரு நேரிய தடை எழும். "அப்பெற்றோர் எல்லாரும் மூடரோ? தாம் நம்பாவிடினும், நாளை அயலார் நம்பித் தம் மகளைத் தள்ளுவரே என்று அஞ்சியவர் பலர் அல்லரோ? அவர்கள் செய்தது அன்பினால் அன்றோ?" இத்தடையை நாம் எளிதில் ஒதுக்கலாகாது. மகளின் துன்பத்தை முன்னரே கண்டு கலங்கும் தாயைக் கடிந்து பேச நமக்கு வாய் வராது. ஆயினும் சற்று நினைத்துப் பாருங்கள். நான் அயலானுக்கு அஞ்சுகிறேன். அயலான் எனக்கு அஞ்சுகிறான். இருவரும் நம்பாத ஒன்றுக்கு இருவரும் பணிகின்றனர். இவ்வாறு நம்புவார் ஒருவருமில்லாத பொய்கூட ஊரையே ஆளக்கூடும். அன்பினால் பணிந்தாலும் அப்பணிவு அடுத்த வீட்டுப் பெண்ணின் கழுத்தில் இன்னொரு முடிச்சாகிறது. ஆகவே அன்பின் கடமை மகளை மறைப்பதோடு முடிவதில்லை. "உங்கள் வீட்டு மகள் எவ்வாண்டில் பிறந்தாலும் எங்கள் வீட்டு மருமகளாக வரலாம்" என்று முதலில் ஒருவர் சொல்லுதலே அன்பின் முழுக்கடமை.

பிறப்பைக் கேட்டு மனிதரை அளக்கும் வழக்கம் எத்தகையது என்பதை நமக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பிறந்த குலத்தைக் கேட்பதும் பிறந்த ஆண்டைக் கேட்பதும் ஒரே தராசின் இரு தட்டுகள். தான் செய்யாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிப்பதே இரண்டின் பொருளும். இழிவும் உயர்வும் செய்கையைச் சார்ந்தனவே என்பது பகவான் வசல சுத்தத்தில் அருளிய கருத்து. மணநாள் குறித்தலும் கோள்களைக் கொண்டு பலன் கூறுதலும் பிக்குகளுக்கு ஆகாத பிழைப்பு எனச் சாமஞ்ஞபல சுத்தம் விலக்குகிறது. நட்சத்திர ஜாதகத்தில் ஒரு கதை உண்டு. மணத்திற்கு நாள் குறித்த பின் தம்மிடம் வந்து கேட்டனர் என்று சினந்த துறவி ஒருவன், "இன்று நாள் நன்றன்று" என்றான். அதை நம்பி மணமகன் வீட்டார் செல்லவில்லை. காத்திருந்த பெண் வீட்டார் மகளை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டனர். கெட்டது விண்மீனாலோ? ஒருவனின் சினத்தாலும் மற்றவரின் பேதைமையாலும் அன்றோ?

ஆலையில் நூல் அறுந்தால், "இன்று நாள் நன்றன்று" என்று கைகட்டி நிற்கும் தொழிலாளி இல்லை. பஞ்சின் இழை குறுகியதா, காற்றில் ஈரம் குறைந்ததா, முறுக்குப் போதவில்லையா என்று பார்க்கிறான்; அறுந்ததைப் பிணைக்கிறான். காரணத்தை அதன் இடத்திலேயே தேடுதல் என்பது இதுவே. இழைக்குத் தரும் நியாயத்தை மனிதனுக்குத் தர மறுப்பது முறையோ?

தமிழ்க் கணக்கிலும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. 2026 ஏப்ரல் 14-ஆம் நாள் தொடங்கும் ஆண்டின் பெயர் பராபவ. அழிவு, வீழ்ச்சி என்பது அதன் பொருள். பெயரைக் கேட்டு நடுங்குவாரும் உளர். ஆனால் இதே பெயரில் பகவானின் உபதேசம் ஒன்று சுத்த நிபாதத்தில் இருக்கின்றது. மனிதன் வீழ்வது எதனால் என்ற வினாவுக்கு அங்கே விடை கூறப்படுகிறது. வசதியிருந்தும் முதிய பெற்றோரைக் காவாமை, சோம்பல், பொய், சூது, குடி, குலத்தாலும் செல்வத்தாலும் செருக்குற்று உறவினரை இகழ்தல் ஆகியவை அங்கே காட்டப்பெறும் வாயில்கள். அப்பட்டியலில் ஆண்டு ஒன்றும் இல்லை, விண்மீனும் இல்லை.

அங்ஙனமாயின் குதிரைக்கு நமக்குப் பொருளே இல்லையோ? உண்டு. புத்தாண்டில் குதிரையின் படம் வரைந்து விரைவையும் வெற்றியையும் வாழ்த்தும் சீன மக்களின் மகிழ்ச்சியில் ஒரு குற்றமும் இல்லை. குறி வாழ்த்தாக நிற்கும்வரை நன்று. நீதிபதியாக அமரும்போதே தீது. பகவானும் குதிரையை உவமையாகக் கொண்டார். சாட்டையின் நிழலைக் கண்டதும் நடக்கும் குதிரை ஒன்று. மயிரில் பட்டதும் நடப்பது ஒன்று. தசையில் பட்ட பின் நடப்பது ஒன்று. எலும்பைத் தொட்ட பின்னரே நடப்பது ஒன்று. அவ்வாறே அயலூரார் துன்பத்தைக் கேட்டதும் விழிப்பவரும், கண்ணால் கண்ட பின் விழிப்பவரும், தம் உறவினர் துன்புற்ற பின் விழிப்பவரும், தாமே துன்புற்ற பின்னர் விழிப்பவரும் உளர். ஜப்பான் பெண்களின் கதை நமக்குச் சாட்டையின் நிழல். அது நம் வீட்டு எலும்பைத் தொடும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

ஆகவே, அன்பர்களே, இவ்வாண்டில் பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் பிறந்த ஆண்டையும் நட்சத்திரத்தையும் கேளாதொழிக. பிறக்கும் பெண் மகவை எத்திங்களில் பிறந்தாலும் மகிழ்வோடு ஏற்றுக்கொள்க. நம் நாள் நன்னாளாவது நம் செய்கையினாலேயே.