அத்தையின் கையெழுத்து

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால், முதல் சண்டை பத்திரிகை அச்சாகும்போதே வந்துவிடும். பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் எப்படிப் போனது? தாய்மாமன் பெயரை ஏன் பொடி எழுத்தில் போட்டார்கள்? பிறகு மண்டபத்தில் ஒருவர் பந்தியில் உட்காராமல் தூணோரம் நிற்பார். நாலு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். யாரும் இழுக்காவிட்டால், அந்தக் கோபம் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

ஜெர்மானியர்கள் இதை வைத்தே ஒரு படம் எடுத்துச் சிரித்துவிடுகிறார்கள். சோன்கே வோர்ட்மன் இயக்கி 2022-இல் வந்த 'டெர் நாக்நாமே'யில், லான்சரோட்டே தீவில் குடும்பம் கூடுகிறது. அம்மாவின் மறுமணமும் அவர் மாற்றிக்கொண்ட குடும்பப் பெயரும் வளர்ந்த பிள்ளைகளை ஆட்டிவைக்கின்றன. மனசில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்க்கிறார்கள்.

நமக்கு வாய்த்தது பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024). 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். பெயர்கூட நினைவுக்கு வராத உறவுக்காரன் ஒருவன் அவனைப் பாசத்தால் திணறடிக்கிறான். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தப் பாசக்காரன் பங்கு கேட்டு நிற்கிறவன் இல்லை. பங்கு பிரித்துக்கொண்டவரின் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம்.

டெல்டாவில் 3 மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. தாத்தாவின் அரை வேலி இரண்டு பிள்ளைகளுக்குத் தலா ஐந்து மா ஆகும். பேரன்கள் காலத்தில் குழிக்கணக்குக்கு வந்துவிடும். இந்தக் கணக்கில் அத்தைகள் வருவதே இல்லை. கல்யாணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. 2005-இல் அந்த உரிமை எல்லா மகள்களுக்கும் வந்தது. அப்போது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. அண்ணன்மார் சொல்வது வேறு: "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பினோமே!"

பொங்கலுக்கு அத்தையை அழைப்பார்கள். விருந்தெல்லாம் முடிந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "எங்கடா போடணும்?" என்று கேட்பார் அத்தை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டார். திரும்பும்போது பையில் வெற்றிலை பாக்கும் ஒரு ரவிக்கைத் துணியும் இருக்கும்.

அத்தை ஏமாளி இல்லை. புருஷன் வீட்டில் ஒன்று என்றால் வந்து நிற்கப் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த அரை வேலியில் தன் பங்கைக் கொடுத்தார். தன் வீட்டுக்குள் வர எதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. சண்டையே இல்லாத குடும்பம் என்று ஊர் மெச்சுகிற பல வீடுகளில், சண்டை போட வேண்டியவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது அத்தைகளின் பெண்கள் விஏஓவிடம் போய்ப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். மாமன்மார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளில் முறைப்பு கூடித்தான் போகும். இரண்டொரு பந்தி பாழாகவும் செய்யும். பாழாகட்டும். மாமாவுக்கு எதிர் இலையிலேயே உட்கார்ந்து, சாம்பார் வரும்வரை மா கணக்குக் கேட்கிற பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது.