எட்டு விளக்கும் எரிந்த பிறகு

பசுமலையில் 1881-இல் அமெரிக்க மிஷனரிகள் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கினார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி பிறந்தது அப்படித்தான். அதே ஆண்டில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், தொலைபேசிக்கு இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆண்டை வைத்து நாமாகப் போடும் முடிச்சு அது.

எல்லாத் தொடர்புமே இப்படித்தான் என்றார் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி. இதற்கெனவே ‘சம்பந்த பரீட்சை’ என்றொரு நூல் எழுதினார். இருப்பவை தனித்தனிப் பொருள்கள். சேர்த்து வைப்பது மனம். இரண்டை இணைக்க மூன்றாவது ஒன்று வேண்டுமென்றால், அந்த மூன்றாவதை முதலாவதோடு இணைப்பது எது? கேள்வி முடிவில்லாமல் நீளும். நியாய வைசேடிகர் ஒப்பவில்லை. சேர்க்கை என்பது பொருள்களிலேயே தங்கும் குணம், யாரும் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அது உண்டு என்றார்கள்.

அந்த மூன்றாவது பொருளை இன்று கையிலேயே எடுத்துப் பார்க்கலாம்: நெட்வொர்க் கேபிளின் முனையில் இருக்கும் ஆர்ஜே-45 பிளக்.

கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், நான்கு ஜோடிகள். செய்தி எந்த ஒரு கம்பியிலும் தனியாக இல்லை. ஜோடியின் இரு கம்பிகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டில் இருக்கிறது. வெளியிரைச்சல் முறுக்கிய இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால், வேறுபாட்டைக் கணக்கிடும்போது அது கழிந்துபோகிறது. கிரிம்ப் செய்ய, அதாவது கம்பிகளைப் பிளக்குக்குள் வைத்து அழுத்திப் பொருத்த, முறுக்கைப் பிரித்தாக வேண்டும். கேட்-6 கேபிளில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது.

முறைப்படி, பிளக்கின் எட்டு முனைகளில் 3-ஆம் முனையின் துணை 6-ஆம் முனை. புதிதாகப் பழகுபவர் 3-4, 5-6 என்று வரிசையாக ஜோடிகளை வைத்து இருபுறமும் கிரிம்ப் செய்துவிட்டால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காகவே எரியும். கேபிள் கொஞ்சம் நீளமென்றால் இணைப்பு தடுமாறும். எட்டுக் கம்பியும் சேர வேண்டிய முனையைச் சேர்ந்திருக்கின்றன. யாரோடு யார் முறுக்கப்பட்டார் என்பது மட்டுமே தவறு. சரி என்று மனம் தீர்மானித்த பிறகும் கேபிள் மறுக்கிறது. விளைவை உண்டாக்குவதே உண்மைப் பொருள் என்பது தர்மகீர்த்தியே வைத்த அளவுகோல். அதன்படி பார்த்தாலும், இங்கே உறவு உண்மையே. 1881-இன் முடிச்சால் இப்படி எதையும் கெடுக்க முடியாது.

ஆனாலும் அவருடைய கேள்வி வீணல்ல. நடுவில் வரும் ஒவ்வொரு பொருளும் தன் தொல்லையையும் கொண்டுவருகிறது. அதனால்தான் 100 மீட்டர் தடத்தில் நான்கு இணைப்புகளுக்கு மேல் தரநிலை அனுமதிப்பதில்லை. பிளக்கில் ஒரு ஜோடியிலிருந்து மற்றொன்றுக்குக் கசியும் மின்குறியை அழிக்க, பிளக் செருகப்படும் ஜாக்குக்குள் அதற்கு நேரெதிரான கசிவை வேண்டுமென்றே அமைக்கிறார்கள்.